மூன்றாம் குளத்துக் கருநாரை

பறவைச் சங்கத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவரான ஓய்வுபெற்ற சர்வேயரும் வாய் நிறைய அக்கா என்பார். கூப்பிட வேண்டிய ஒருவன் மட்டும் ஒன்பது வருடமாகக் கூப்பிடவில்லை. அவன் அவளுடைய சொந்தத் தம்பி.

சங்கம் அப்படியொன்றும் பெரியதில்லை. நல்ல நாளில் இருபது பேர் வருவார்கள், மழை பிடித்துக்கொண்டால் ஏழு பேர். பருவத்துக்கு ஒன்றாக வருடத்துக்கு நாலு கூட்டம். கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் விடிந்ததும் எல்லோருமாகப் பறவை பார்க்கப் போவார்கள். சங்கத் தலைவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். அவருடைய வகுப்பறையில்தான் கூட்டம். சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். 'ஒலி எழுப்பாதே' என்ற படத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு சர்வேயர் கூட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்.

அக்காவின் பொறுப்பு பதிவேடு. யார், எந்த இடத்தில், எந்தத் தேதியில், எந்தப் பறவையைப் பார்த்தார்கள் என்று எழுதி வைக்கும் தடித்த நோட்டு. கடைசிக் கட்டம் சாட்சிக்கு. சாதாரணப் பறவைக்குச் சாட்சி வேண்டாம். அபூர்வமாக ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னால் போட்டோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும். அந்த விதியை ஏற்படுத்தியதே அவள்தான். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். கண்ணில் பட்டதை எழுதுவாள், படாததை எழுத மாட்டாள். 'இருக்கலாம்' என்ற வார்த்தை அந்த அறைக்குள் வரவே கூடாது. அந்தப் பழக்கம் பதிவேட்டுக்கும் வந்துவிட்டது.

தம்பி அவளுக்கு மூன்று வயது இளையவன். கட்டட வேலைகளில் கிரேன் ஓட்டுபவன். பன்னிரண்டு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்பவன் கைகாட்டும் இடத்தில் ஒரு விரற்கடை பிசகாமல் இரும்பு உத்தரத்தை இறக்குவான். அவன் பிழைப்பே கண்ணில் இருந்தது. பறவைப் பைத்தியம் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் பிடித்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பறவைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு பக்கம் முழுக்கக் கருநாரையின் படம். கரிய உடம்பு, வெள்ளை வயிறு, ரத்தச் சிவப்பில் காலும் அலகும். குளிர்காலத்தில் எங்கிருந்தோ வரும், தனியாக வரும், ஆளைக் கண்டால் பறந்துவிடும் என்று போட்டிருந்தது. அதை ஒருநாள் பார்த்துவிட வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக எந்தக் குளக்கரையில் நின்றாலும் யாராவது ஒருவர், "இங்க வருமா?" என்று கேட்பார். மற்றவர், "வரும், வரும்" என்பார்.

வந்தது. ஆனால் அன்று அவள் பக்கத்தில் இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய குளிர்காலம் அது. ஊருக்கு வெளியே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று உண்டு. அங்கே நான்கு குளங்கள். முதல் குளத்தருகே போக வேண்டுமானால் மூக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நான்காவது குளத்துக்கு வரும்போது தண்ணீர் தெளிந்துவிடும். பறவைகளுக்கு நாற்றம் பெரிய விஷயமில்லை போலும், ஊரில் வேறெங்கும் இல்லாத பறவையெல்லாம் அங்கே வரும். கூட்டத்துக்கு முன்னால் அக்காவும் தம்பியும் காலையில் போய்ப் பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை, கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று அக்காவை ஆஸ்பத்திரியில் பிடித்துவைத்துக்கொண்டார்கள். தம்பி மட்டும் போனான்.

சாயங்காலம் கூட்டத்துக்கு அவள் தாமதமாகத்தான் வந்தாள். உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்ததும் தம்பி எழுந்து நின்றான்.

"மூணாம் குளத்துல இன்னிக்குக் காலையில கருநாரை பார்த்தேன்" என்றான். அவளைப் பார்த்துத்தான் சொன்னான். மற்றவர்கள் அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியாததுபோல.

சர்வேயர், "எந்நேரமும் உயரத்துலயே உட்கார்ந்திருந்தா, தரையில நிக்கிறதெல்லாம் கருப்பாத்தான் தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும்கூடச் சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான், அவள் பதில் கொடுப்பாள் என்று.

அக்கா, "போட்டோ இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. கேமரா எடுத்துட்டுப் போகல. என் போன்ல கேமரா கிடையாது."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"நீதான் வரலையே."

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் நன்றாகப் போயிருக்கும். அவள் நிறுத்தவில்லை. "காலை நேரம், சூரியன் எதிர்ல இருந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிர்ல சாம்பல் நாரைகூடக் கருப்பாத்தான் தெரியும்" என்றாள்.

"நான் பொய் சொல்றேங்கறியா?"

"பொய்னு யார் சொன்னா? தப்பாப் பார்த்திருக்கலாம்."

"அதுக்குப் பொய்னே சொல்லியிருக்கலாம்" என்றான் தம்பி. பிறகு மெதுவாக நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். அவள் குனிந்து கடைசிக் கட்டத்தில் 'உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதினாள்.

அதன் பிறகு அவன் சங்கத்துக்கு வரவில்லை. ஆறு மாதத்தில் ரயிலில் நாலு மணி நேரம் போக வேண்டிய வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டான். தம்பி மனைவி நல்லவள். பிள்ளைகளின் படங்களை அனுப்புவாள், அவ்வப்போது பேசுவாள். பின்னால் அவன் குரல் கேட்கும். "அவர்கிட்ட குடுக்கட்டுமாக்கா?" என்பாள். போன் கை மாறும் சத்தம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா இறந்தபோது வந்தான். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். அவளிடம் பேசியது, "சாவி எங்க இருக்கு?" என்ற மூன்று வார்த்தைதான்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவள். பகல் பொழுது ஆஸ்பத்திரியில் ஓடிவிடும். பறவை பார்க்கப் போன இடத்தில் ஒரு மீன்கொத்தி குறி தவறித் தண்ணீரில் விழுந்து அசடு வழிய வெளியே வரும்போது, பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுப்பாள். பக்கத்தில் தலைவரோ சர்வேயரோ நிற்பார்கள். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிடுவாள்.

இந்த வருடக் குளிர்காலக் கூட்டத்தன்று காலையிலும் அவள் பாதை பார்க்கத் தனியாகப் போனாள். மணி ஏழேகால் இருக்கும். பனி விலகிக்கொண்டிருந்தது. இரண்டாம் குளத்தைத் தாண்டி மேட்டில் ஏறினாள். மூன்றாம் குளத்தில் தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் சேறு. அந்தச் சேற்றின் விளிம்பில், முழங்கால் தண்ணீரில், அது நின்றுகொண்டிருந்தது.

பைனாகுலரைத் தூக்கினாள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வெளிச்சம் நேராகப் பறவையின் மேல் விழுந்தது. கருப்பு என்று சொல்வது சரியில்லை. கழுத்தைத் திருப்பும்போது பச்சையாகவும், சிறகில் ஊதாவாகவும் மின்னியது. அலகு சிவப்பு, கால் சிவப்பு, கண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வயிறு துவைத்த துணிபோல வெள்ளை. அது ஒரு காலைத் தூக்கி, யோசித்து, மறுபடியும் அதே இடத்தில் வைத்தது. பையில் போன் இருந்தது. கையை எடுத்தால் பார்வை விலகும், பார்வை விலகினால் அது போய்விடும் என்று தோன்றியது. அவள் கையை எடுக்கவில்லை.

ஏழெட்டு நிமிடம் இருக்கும். பம்ப் அறைப் பக்கம் யாரோ இரும்புக் கதவைச் சாத்தினார்கள். பறவை இரண்டு எட்டு நடந்து, கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு எழுந்தது. சிறகு விரிந்தபோது கக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளை முக்கோணம். புத்தகத்தில் இருந்தது, அப்படியே. மரங்களுக்கு மேல் போய் மறைந்தது.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பினாள். மேட்டில் யாரும் இல்லை. பார்த்தாயிற்று, முப்பத்தைந்து வருட ஆசை. அதைச் சொல்வதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அந்த ஆள் அவளோடு பேசுவதில்லை. மேட்டிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பதினான்கு பேரோடு குளங்களுக்குப் போனபோது மூன்றாம் குளத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

தலைவர் பக்கத்தில் வந்து, "என்னக்கா, எதையோ தேடற மாதிரி இருக்கே?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"நாம இங்க நின்னு ஒரு மணி நேரமாச்சு. சர்வேயர் கால் வலின்னு ஆரம்பிச்சிட்டார். அவர் ஆரம்பிச்சா அப்புறம் பறவையெல்லாம் பறந்துடும்."

எல்லோரும் நான்காம் குளத்துக்குப் போனார்கள். கருநாரை வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா பதிவேட்டை எடுத்தாள். தேதி, இடம், நேரம், பறவையின் பெயர் எழுதினாள். பார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயர். கடைசிக் கட்டத்தில், தன் கையாலேயே, 'உறுதி செய்யப்படவில்லை.' எழுதிவிட்டு முன்பக்கங்களைப் புரட்டி ஒன்பது வருடத்துக்கு முந்தைய வரியைத் தேடி எடுத்தாள். மை மங்கியிருந்தது. எழுத்து மட்டும் அதே எழுத்து.

அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினாள். தம்பி மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவனிடம் கேட்பாள், அவன் வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

கட்டடம் பாதி எழும்பி நின்றது. அதற்கும் மேலே மஞ்சள் கிரேன், அதன் கழுத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கூண்டு. வாசல் காவலாளி அவள் தலைக்குப் பெரிதாக ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, வாக்கி டாக்கியில் சொன்னார்: "சார், உங்க அக்கா வந்திருக்காங்க."

சற்று நேரம் கரகர என்று சத்தம் மட்டும். பிறகு, "எந்த அக்கா?"

காவலாளி சங்கடத்தோடு அவளைப் பார்த்தார்.

"இருக்கிறது ஒரே அக்காதான்னு சொல்லுங்க" என்றாள்.

அவன் மதிய இடைவேளை வரை இறங்கவில்லை. அவள் சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஏணியில் ஒவ்வொரு படியாக அவன் இறங்கி வருவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். அவள் எதிரே வந்து நின்றதும், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"பின்ன?"

ரயிலில் நாலு மணி நேரமும் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. "மூணாம் குளத்துல கருநாரை பார்த்தேன்டா" என்றாள்.

அவன் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தான். கழுவுவது நின்றது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப?"

"போன சனிக்கிழமை. காலையில ஏழேகால்."

"சூரியன்?"

"முதுகுப் பக்கம்."

"போட்டோ?"

"எடுக்கல."

"கூட யாரு?"

"யாருமில்ல."

சத்தமில்லாமல் சிரித்தான். "அப்ப உறுதி செய்யப்படவில்லை."

"ஆமா. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

அவன் குழாயை மூடினான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், ஏதோ நட்டு கழன்றிருக்கிறதா என்று கேட்பவன்போலக் கேட்டான்: "கால் என்ன கலர்க்கா?"

அந்த 'அக்கா' அவன் அறியாமல் வந்தது. வந்தது அவனுக்கும் தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டான். அவள் கவனிக்காததுபோலவே இருந்துகொண்டாள்.

"சிவப்பு. மூக்கு சிவப்பு. கண்ணைச் சுத்தியும் சிவப்பு."

"பறந்துச்சா?"

"பறந்துச்சு. கழுத்தை நீட்டிக்கிட்டு. கக்கத்துல..."

"வெள்ளை முக்கோணம்" என்றான் அவன்.

பக்கத்தில் கம்பி வெட்டுகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே எதற்கோ சிரித்தார்கள். பிறகு தம்பி, "அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்ன?" என்றான்.

"சாட்சி இல்லைடா. விதின்னு ஒண்ணு..."

"விதி எனக்கும் தெரியும். சாட்சி இல்ல, எழுத முடியாதுன்னு சொல்லியிருந்தா பேசாம உட்கார்ந்திருப்பேன். சூரியன் எதிர்ல இருந்துச்சுன்னு ஏன் சொன்ன? நீ அங்க இருந்தியா? எத்தனை பேர் உயிரை நம்பி என் கண்ணு வேலை செய்யுது தெரியுமா? நீ சொன்னதுக்கு அப்புறம் ரெண்டு மாசம் ஒவ்வொரு உத்தரத்தை இறக்கும்போதும், நாம பார்க்கறது சரிதானான்னு கை நடுங்குச்சு."

இது அவளுக்குத் தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொறாமைடா" என்றாள்.

"என்ன?"

"நான் இல்லாம நீ பார்த்துட்டியேன்னு பொறாமை. அவ்வளவுதான். நீ எழுந்து நின்னதுமே தெரிஞ்சுபோச்சு, நீ நிஜமாத்தான் பார்த்திருக்கேன்னு. நீ பொய் சொன்னா உன் காது சிவக்கும். அன்னிக்குச் சிவக்கல. எனக்குப் பொறுக்கல. இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு."

அவன் இடுப்பில் செருகியிருந்த கையுறையை எடுத்தான். கோபமா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பெல்லாம் அவன் புருவத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மணி அடித்தது. அவன் கையுறையை மாட்டிக்கொண்டான்.

"வீட்டுக்குப் போ. அவ இருப்பா. சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு ஏணிப் பக்கம் நடந்தான்.

தம்பி மனைவி அவளைக் கண்டதும் திகைத்து, கட்டிக்கொண்டு, உள்ளே இழுத்துப் போனாள். சாப்பிடும்போது அக்கா சுவர்களை நோட்டம் விட்டாள். பிள்ளைகளின் படங்கள், காலண்டர், ஒரு கடிகாரம். ஒரு பறவைப் படம்கூட இல்லை.

"எங்கயும் போறதில்லையா, பறவை பார்க்க?"

"ஒன்பது வருஷமா இல்லக்கா" என்றாள் தம்பி மனைவி. "பைனாகுலரைக்கூட யாருக்கோ குடுத்துட்டார். மேல கூண்டுல இருக்கும்போது பருந்தெல்லாம் கைக்கு எட்டற தூரத்துல போகுமாம். சின்னவன் ஆசையா கேட்பான், இன்னிக்கு என்னப்பா பார்த்தேன்னு. ஒண்ணும் பார்க்கலடாம்பார். நீங்க வந்தது நல்லதாப் போச்சு. ஆனா உடனே எதையும் எதிர்பார்க்காதீங்க. அவர் குணம் உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் ரயில் நகரும் வரைக்கும் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும், அவன் வரமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வசந்தகாலக் கூட்டத்தில் அவள் பதிவேட்டோடு எழுந்து நின்றாள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். கருநாரையைப் பார்த்ததை, தம்பியிடம் போனதை, பொறாமையைக்கூட. கடைசியில், பழைய வரிக்குக் கீழே தான் சேர்த்திருக்கும் குறிப்பைப் படித்தாள்: 'இதைப் பார்த்தவரிடம் பதிவாளர் பறவையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காலின் நிறம் கேட்கவில்லை, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. தான் போகாத இடத்தைப் பற்றித் தானாகவே ஒரு காரணம் கற்பித்துச் சொன்னார். அது தவறு.'

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரே குளம், ரெண்டு பேர் தனித்தனியாப் பார்த்திருக்காங்க. ரெண்டையும் உறுதின்னு எழுதிடலாமே?"

"முடியாது. ஒரே நேரத்துல ரெண்டு பேர் பார்க்கணும். எனக்காக விதியை மாத்தினா, அவன் இன்னும் கோவிச்சுக்குவான்."

சர்வேயர் வழக்கத்துக்கு மாறாக வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னிக்கு நானும் வாயை விட்டேன். சிரிச்சது எல்லாருந்தான், ஆனா ஆரம்பிச்சது நான். அதையும் சேர்த்து எழுதுங்கக்கா" என்றார். அவள் எழுதினாள். அந்தப் பக்கத்தைத் தலைவர் போனில் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினார்.

பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

கோடை போனது. மழைக்காலக் கூட்டமும் வந்து போனது, ஏழே பேரோடு. அக்கா வேலை நேரத்தில் போனை மேசை இழுப்பறையில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, கோட்டுப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அது அதிரும்போதெல்லாம் நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருந்த எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். பெரும்பாலும் விளம்பரமாகத்தான் இருக்கும். ஒருமுறை தம்பி மனைவி பேசும்போது, "அந்தப் பக்கத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் படிக்கிறார்க்கா. நான் பார்த்தா போனைக் கவுத்து வெச்சுடறார்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அக்கா இரண்டு மாதம் ஓட்டினாள்.

குளிர்காலக் கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் போன் வந்தது. தெரியாத எண் இல்லை. பத்து வருடமாக அழிக்காமல் வைத்திருந்த எண்.

"நாளைக்குக் காலையில போவியா?" என்றது அவன் குரல்.

"போவேன்."

"கேட் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"ஆறரை."

"சரி" என்று வைத்துவிட்டான்.

ஆறு மணிக்கே அவள் போய் நின்றாள். அவன் ஆறே முக்காலுக்கு வந்தான், கழுத்தில் மப்ளரோடு, கையை வீசிக்கொண்டு. இருவரும் மேட்டில் ஏறினார்கள். மூன்றாம் குளத்தில் இந்த வருடம் தண்ணீர் கொஞ்சம் அதிகம். உள்ளான்கள் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. ஒரு சாம்பல் நாரை தூங்கி வழிந்துகொண்டிருந்தது. ஏழேகால் ஆனது, எட்டானது, பனி முழுக்க விலகியது. கருநாரை வரவில்லை. நிலையத்துக் காவலாளி ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பது மணி வாக்கில் அக்கா கேட்டாள்: "அன்னிக்கு நீ பார்த்ததைச் சொல்லேன். முதல்லேர்ந்து."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். விளையாட்டுக்குக் கேட்கிறாளா என்று பார்த்தான்போலும். பிறகு குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இங்க இல்ல. அந்தப் பக்கம், குழாய் இருக்கே, அதுக்குப் பக்கத்துல நின்னுது. நான் அந்த வேலிக்குப் பின்னால படுத்துக்கிட்டேன். சட்டையெல்லாம் சேறு. ஒரு மீனைப் பிடிச்சுது. வழுக்கி விழுந்துடுச்சு. மறுபடி பிடிச்சுது, மறுபடி விழுந்துடுச்சு. மூணாவது தடவை பிடிச்சதும் என்ன பண்ணுச்சு தெரியுமா? கரையேறி வந்து, தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு முழுங்குச்சு. யாரோ பிடுங்கிக்குவாங்கங்கற மாதிரி."

அக்கா சிரித்தாள். "அப்புறம்?"

"அப்புறம் சும்மா நின்னுது. இருபது நிமிஷம் இருக்கும். நான் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை போன் பண்ணினேன். நீ வேலையா இருக்கேன்னாங்க. ஆட்டோ பிடிச்சு வந்தாக்கூடப் பார்த்திருக்கலாம். அவ்வளவு நேரம் நின்னுதுக்கா."

"எந்தப் பக்கம் போச்சு?"

அவன் கையை நீட்டிக் காட்டினான். வேலிக்கு அப்பால் புல்வெளி, அதற்கும் அப்பால் மின்கம்பங்கள், பிறகு வெறும் வானம். "அப்படியே நேரா" என்றான். இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.